மூணு லிட்டர் தண்ணி

கோயமுத்தூரில் ஃபிளாட் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான். சிறுவாணியா, பில்லூரா? சிறுவாணி என்று பதில் வந்துவிட்டால் விலையில் ரெண்டு லட்சம் கூடினாலும் முகம் மலர்ந்துவிடும். உலகத்திலேயே ரெண்டாவது ருசியான தண்ணீர் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம். முதலாவது எந்த ஊர் என்று எவனும் விசாரித்ததில்லை. அப்புறம் வாஸ்து. அப்புறம், கார் நிறுத்துகிற இடத்தில் தூண் இடிக்குமா. இத்தனையும் கேட்டு, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சிக் குடிபோன மறுநாள் காலையில், துவைத்த துணி வாளியோடு வீட்டுக்காரம்மா வந்து நிற்பார்.

"ஏனுங்க, இதை எங்கீங்க காயப்போடறது?"

மொட்டை மாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் சோலார் பலகையும் தண்ணீர் டேங்கும் டிஷ் ஆன்டெனாக்களும் குடியிருக்கின்றன. சாவி செகரட்டரியிடம். பால்கனியில் போடலாமே என்பீர்கள். வெளியே துணி தெரிந்தால் எலிவேஷன் கெட்டுவிடும் என்று அசோசியேஷனில் தீர்மானம் போட்டாயிற்று. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர் இது. 1932-ல் பைக்காரா கரண்டு வந்ததும் திரும்பின பக்கமெல்லாம் மில் முளைத்த ஊர். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஊரில் துணி கண்ணில் பட்டால் அழகு கெட்டுவிடுமாம்.

தீர்மானத்தை மீறி ஆடி மாதத்தில் ஒருநாள் பால்கனியில் எட்டு முழ வேட்டி ஒன்றைப் போட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடி நட்டு, அதிலிருந்து கரண்டு எடுக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு என் வேட்டி எம்மாத்திரம்? பறந்துபோய் அடுத்த லேஅவுட் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டது. பூசாரி அதை யாரோ செய்த நேர்த்திக்கடன் என்று எடுத்து வைத்துக்கொண்டார். போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் போனால் பிள்ளையாரைப் பார்ப்பதற்கு முன்னால் பூசாரி இடுப்பைத்தான் பார்க்கிறேன்.

சரி, வீட்டுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிற ஆள். கிராஃப் தாளும் ஸ்கேலும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அஞ்சு கிலோ துணி துவைத்தால், மிஷின் என்னதான் சுழற்றிப் பிழிந்தாலும் துணியின் எடையில் பாதிக்கு மேல் ஈரம் நின்றுவிடும். மூணு லிட்டர் என்று வையுங்கள். ஒரு லிட்டரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வேண்டும். ஆக ரெண்டு யூனிட். இது வெயிலில் ஓசி, ஹாலில் கிடையாது. ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து தண்ணீரை மேலே தள்ளுகிற மோட்டாருக்கு டிராயிங் போடுகிறவன், பனியனிலிருந்து மூணு லிட்டரைக் கிளப்ப வழி தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"டிரையர் வாங்கிப் போடலாமுங்களே" என்றாள் அம்மிணி.

தமிழ்நாட்டில் குடும்பம் நடத்துகிறவனுக்கு ரெண்டு எண்கள் மந்திரம் மாதிரி மனப்பாடம். ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்; 500-ஐத் தாண்டினால் கணக்கே வேறு. அந்த 500-ன் விளிம்பில் ஃபிரிட்ஜையும் ஏசியையும் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருக்கிறேன். அங்கே டிரையரை ஏற்றினால் குடும்பத்தோடு உருள வேண்டியதுதான். ஆகவே, சீலிங்கில் தொங்குகிற ஹேங்கர் என்று தீர்ப்புச் சொன்னேன்.

மிஷின் நிற்கிற யுட்டிலிட்டியில் மாட்டுவதாகத்தான் டிராயிங். ஆனால் அங்கே தலைக்கு மேல் அட்டாலி. அட்டாலியில் அம்மிணியின் சீர்ப் பாத்திரம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு அண்டாவும் கீழே இறங்கியதில்லை. "அதை எங்கீங்க வெக்கறது?" என்று கேட்டாள். கிராஃப் தாளில் அண்டாவுக்கு இடமில்லை. மாட்ட வந்த பையன் ஹாலை நிமிர்ந்து பார்த்து, "இங்க மாட்டிரலாமுங் சார், தொட்டில் கொக்கி ஏற்கெனவே இருக்குதுங்" என்றான். மகன் தூங்கிய கொக்கிக்குப் பக்கத்திலேயே மகனுடைய ஜட்டி தொங்குவதற்கு ஏற்பாடாயிற்று.

ஆறு கம்பி, ஒவ்வொன்றுக்கும் கப்பி, கயிறு. இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். அன்னூர்ப் பக்கம் எங்கள் ஆத்தா வீட்டு ஆசாரத்தில் இதே சாமான் இருந்தது. விட்டத்திலிருந்து ரெண்டு கயிறு, நடுவில் ஒரு மூங்கில். காசு பைசா செலவில்லை. ஆனால் ஆத்தாவுக்கு மொத்தமே ரெண்டு சீலை. ஒன்று மூங்கிலில், இன்னொன்று இடுப்பில். ஆறு கம்பி போட்டும் எனக்குப் பத்தவில்லை.

காரணம் திருப்பூர். கொங்கு நாட்டில் பிறந்த எவனுக்கும் திருப்பூரில் ஒரு மச்சானாவது இருப்பான். அந்த மச்சான் வெறுங்கையோடு வரமாட்டான். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியதை அட்டைப்பெட்டியோடு இறக்கிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவான். இந்தத் தடவை வந்தது ஐரோப்பாக் குளிருக்குத் தைத்த குல்லா வைத்த பனியன். உள்பக்கம் கம்பளி போலச் சுரண்டிவிட்ட தடித் துணி. அதைத்தான் என் மகன் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு காலேஜ் போகிறான். அது காய்வதில்லை. உடம்பு காய்ந்தால் கை காயாது. கை காய்ந்தால் பாக்கெட் காயாது. எல்லாம் காய்ந்துவிட்டது என்று மடிக்க எடுத்தால், குல்லாவின் தையல் ஓரத்தில் ஈரம் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சனியன் ஹால் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒறம்பரை பத்திரிக்கை வைக்க வந்தார்கள். பெரியவங்க ரெண்டு பேர். வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டுகிறார்கள், நான் பணிவாகக் கை நீட்டுகிறேன், மேலேயிருந்து ஒரு சொட்டு சரியாகக் குங்குமத்தில் விழுந்து மணமகன் பெயர் மேல் ஓடியது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். பனியன், அதற்குப் பக்கத்தில் என்னுடைய உள்சமாச்சாரங்கள்.

"ஏனுங் தம்பி, வூட்டுக்குள்ளார மழை பேயுதுங்களா?"

அவசரமாகக் கம்பியை மேலே ஏற்றலாம் என்று கயிற்றைப் பிரித்தேன். ஆறு கயிறும் ஒரே நிறம். நான் பிரித்தது வேறு கம்பியின் கயிறு. அது அந்தம்மாவின் கொண்டைக்கு அரை அடி மேலே வந்து நின்று, என் வேட்டியால் அவருக்கு முக்காடு போட்டது. கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் அவர் எனக்குப் பாயசம் போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் பாயசத்தைக் கவனித்தேன்.

அடுத்து, வாடை. ஈரமாக மக்கிக் கிடக்கிற துணியின் அந்த வாடைக்கு மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்கிற பாக்டீரியாதான் காரணம் என்று ஜப்பான்காரர்கள் 2012-ல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வந்து பெருமையாக எடுத்துச் சொன்னேன். "பேரெல்லாம் இருக்கட்டுங்க. மறுக்காத் துவைக்கோணுமா, வேண்டாமா?" என்றாள் அம்மிணி.

கடைசியில் ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கி ஹால் சுவரில் மாட்டினேன். அந்த வாரம் மாமனார் வந்திருந்தார். மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். வந்ததும் செருப்பைக் கழற்றாமலே மீட்டரைப் பார்த்தார். எழுபத்தெட்டு.

"ஸ்பின்னிங்குக்கு அம்பத்தஞ்சு, அறுவது போதுமுங்க மாப்பிள்ளை. ஈரம் கொறைஞ்சா நூலு அறும், பஞ்சு பறக்கும். அதுக்குன்னே பெரிய பிளாண்டு போட்டு, தண்ணியத் தூத்தி, காத்துல ஈரம் ஏத்துவோம். நீங்க செலவே இல்லாம ஏத்திப்போட்டீங்க. இது நெசவு ஷெட்டுக் கணக்குங்க. ஹால்ல நாலு தறி போட்டுருங்க, நூலே அறாது."

சொல்லிவிட்டு எழுந்து போய், சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து நான் சாத்தி வைத்திருந்த சன்னல்களில் எதிரும் புதிருமாக ரெண்டைத் திறந்தார். டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, துணிகளுக்கு அடியில் காற்றுப் போகிற மாதிரி திருப்பினார். துணிகளை நாலு விரல் இடைவெளிக்கு நகர்த்தி, தடிசானதை ஓரத்துக்குத் தள்ளினார். "ஈரக் காத்து வெளிய போகோணுமுங்க. சாத்திவெச்சிட்டு ஃபேனைப் போட்டா, அதே ஈரந்தான் வூட்டைச் சுத்திச் சுத்தி வரும்." பொழுதோட பார்த்தால் பனியன்களெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தன. என் கிராஃப் தாளில் கம்பிக்கு இடம் இருந்தது, கயிற்றுக்கு இடம் இருந்தது, சன்னலுக்குத்தான் கோடு போடவில்லை. மாமனார் ஊருக்குப் போகிற வரைக்கும் அம்மிணி அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

குல்லா பனியன் மட்டும் அப்போதும் காயவில்லை. அந்த ரோஷத்தில் அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து பேசிவிட்டேன். மொட்டை மாடியில் டேங்குக்குப் பின்னால் நாலு கொடி கட்டினால் எலிவேஷன் என்ன கெட்டுப்போகும், இது பஞ்சாலை ஊர் இல்லையா என்று உணர்ச்சிவசப்பட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செகரட்டரி அங்கேயே மாடிச் சாவியை என் கையில் கொடுத்து, "இனி பொறுப்பு உங்களுதுங்க சார்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

இப்போது பொழுது விடிவதற்கு முன்னால் காலிங்பெல் அடிக்கிறது. சாவி வாங்க வருகிறார்கள். கொடுத்து முடித்துவிட்டு நான் மாடிக்குப் போனால் கொடி நிறைந்திருக்கும். மத்தியானம் ஆபீசில் இருக்கும்போது நாலாவது மாடி அம்மா போன் செய்வார். "தம்பி, தூறுதுங்க. நாங்க வெளிய வந்துட்டோம். நம்ம துணியெல்லாம் எடுத்து வெக்கச் சொல்லுங்க, உங்க வீட்ல பொறுப்பான ஆளுகதான?" அம்மிணி ஓடிப்போய் மொத்த அபார்ட்மென்ட் துணியையும் வாரிக்கொண்டு வந்து, ஆறு கம்பியிலும் போட்டு, ரெண்டு சன்னலையும் திறந்து, அடியில் ஃபேன் வைத்துக் காயவைத்து மடித்து அனுப்புகிறாள்.

எங்கள் துணி எங்கே என்று கேட்கிறீர்களா? மிஷினுக்குள்ளேயே கிடக்கிறது. மொராக்செல்லாவுக்கும் ஒரு இடம் வேண்டுமில்லையா?