மருமகனே, எந்த நாட்டுக் கவிஞனா ஆகப்போறே?

வெளிநாட்டுல கலைஞனைத் தலைமேல தூக்கி வச்சு ஆடுதாங்க, இங்க ஒரு நாதி திரும்பிப் பாக்க மாட்டேங்குதுன்னு டீக்கடையில சத்தம் போட்டியாமே மருமகனே. நல்லது. மனுசனுக்கு ரோசம் வேணும். பேசாமக் கிளம்பிரு. ஆனா எந்த நாட்டுக்குன்னு ஒரு முடிவு வேணும்லா? பொண்ணு எடுக்கப் போற வீட்டைப் பத்தியே நாலு பேர்கிட்ட விசாரிக்குத ஆளுக நாம. கவிதைக்கு நாடு பாக்குததுல மட்டும் கண்ணை மூடிக்கிட்டு விமானம் ஏறலாமா? அதான் உனக்காக மாமன் விசாரிச்சு வச்சிருக்கேன். இந்தப் பட்டிக்காட்டுல உக்காந்துக்கிட்டு எப்படி விசாரிச்சீருன்னு கேக்காதே. கிளை நூலகத்துக்கு வாரவங்க எல்லாரும் சினிமாப் பக்கத்தை உருவிட்டுப் போயிருதாங்க. மிச்சப் பக்கம் பூரா எனக்குத்தான்.

முதல்ல ஜப்பானைத் தள்ளிருவோம். அங்க பெரிய கலைஞர்களுக்கு 'வாழும் தேசியச் செல்வம்'னு பட்டம் குடுத்து, வருஷத்துக்கு 20 லட்சம் யென் உதவித்தொகையும் குடுக்காங்க. 1950ல போட்ட சட்டத்துல பிறந்த ஏற்பாடு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மண்பாண்டம், நெசவு, அரக்குவேலை, நோ நாடகம், கபுக்கி நாடகம், பொம்மலாட்டம்னு கைத்தொழில்காரங்களுக்கும் நிகழ்த்துகலைக்காரங்களுக்கும் மட்டும். கவிஞனுக்கு அந்தப் பந்தியில இலை கிடையாது. அதோட பட்ஜெட்டுல உள்ள பணத்துக்கு ஒரே நேரத்துல 116 பேர் வரைக்கும்தான் சேக்க முடியும். இடம் காலியானாத்தான் அடுத்த ஆளு. எப்படிக் காலியாகும்னு நான் விளக்கணுமா? பட்டத்துக்குக் காத்திருக்கவன் மூத்த கலைஞரைப் பாத்து "உடம்பு எப்படி இருக்குங்கய்யா?"ன்னு கேட்டா, அவரு என்ன பதில் சொல்லுவாரு பாவம்.

அடுத்தது வேல்ஸ். இங்க கொஞ்ச நேரம் உக்காரணும்.

இங்கிலாந்துக்கு மேக்க ஒட்டிக் கிடக்க மலைநாடு. அங்க ஆடும் அதிகம், மழையும் அதிகம், பாட்டு அதைவிட அதிகம். வெல்ஷ்னு தனி மொழி. வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் ஐஸ்டெத்வோட்னு ஒரு திருவிழா கூடுது. ஒரு வருஷம் வடக்க, மறு வருஷம் தெக்க, கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறாங்க. அங்க மரபுக்கவிதைக்கு என்ன பரிசு தெரியுமா? ஒரு நாற்காலி. சிரிக்காதே. 1176ல ரீஸ்னு ஒரு பிரபு கார்டிகன் கோட்டையில போட்டி வச்சு, நல்ல கவிஞனுக்கு ஒண்ணு, நல்ல இசைக்காரனுக்கு ஒண்ணுன்னு நாற்காலி குடுத்தாரு. அந்த ஞாபகத்துலதான் இன்னைக்கு வரைக்கும் தச்சனை வச்சுப் புதுசு புதுசாச் செஞ்சு குடுக்காங்க. நாற்காலிக்கு எங்கயும் அடிதடி உண்டு. கவிதை எழுதி அடிச்சுக்கிடுதது அங்க மட்டும்தான்.

அதுக்கு யாப்பு தெரியணும் மாப்ளே. அடியோட முன்பாதியில வந்த மெய்யெழுத்து ஓசைக்குப் பின்பாதி அதே வரிசையில பதில் சொல்லணும். வாக்கியத்தை ஒடிச்சு ஒடிச்சுப் போட்டுட்டுக் கவிதைன்னு சொல்லுத பாச்சா அந்த நாற்காலிகிட்டப் பலிக்காது. வாட்டப்படாதே, கட்டுத் தளர்ந்த கவிதைக்குத் தனியா ஒரு கிரீடம் வச்சிருக்காங்க. எதுக்குப் போட்டி போட்டாலும் புனைபேர்லதான் எழுதி அனுப்பணும். நடுவருக்கு ஆளு யாருன்னு தெரியாது. மாமனா, மச்சானா, எந்தத் தெருக்காரன், ஒண்ணும் தெரியாது. தகுதியா ஒண்ணும் வரலைன்னா அந்த வருஷம் யாருக்கும் இல்லைன்னு மேடையிலயே அறிவிச்சுட்டுப் போயிருதாங்க. நம்ம பக்கத்துல ஒரு நடுவர் அப்படிச் சொல்லிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிச்சிர முடியுமா?

முடிவு சொல்லுத சடங்கு இருக்கே, அது இன்னும் சோக்கு. வெள்ளை, நீலம், பச்சைன்னு அங்கி மாட்டுன கவிஞர் கூட்டம் மேடையில நிக்கும். தலைமைக் கவிஞர் செயிச்சவன் புனைபேரைச் சொல்லுவாரு. எக்காளம் ஊதும். ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவுல ஒரு ஆளு எந்திரிச்சு நிப்பான். அப்பத்தான் பக்கத்துல உக்காந்திருக்கவனுக்கே தெரியும். கூட்டியாந்து நிப்பாட்டி, தலைக்கு மேல ஒரு பெரிய வாளை உறையில இருந்து பாதி உருவி, "அமைதி உண்டா?"ன்னு மூணு தடவை கேப்பாங்க. சனம் மூணு தடவையும் "அமைதி"ன்னு முழங்கும். பிறகு வாள் உறைக்குள்ள, கவிஞன் நாற்காலிக்குள்ள.

எவ்வளவு பழைய வழக்கம்னு வாயைப் பொளக்கியே. அது ஒரு கொத்தனார் அடிச்ச கப்சா மருமகனே! எட்வர்ட் வில்லியம்ஸ்னு கல்வேலை செய்யுத ஆளு. யோலோ மோர்கனுக்னு புனைபேரு. அபின் சேத்த மருந்து குடிக்குத பழக்கமும் உண்டு. 1792ல லண்டன்ல பிரிம்ரோஸ் குன்றுல ஆளுகளைக் கூட்டி, இது ஆதிகாலத்துத் துருயித் பூசாரிகள்ல இருந்து அறுந்துபோகாம வார சடங்குன்னு ஒரு போடு போட்டான். 1819ல கார்மார்தன் ஊர்ல ஒரு சத்திரத்துத் தோட்டத்துல, சட்டைப்பையில இருந்து கூழாங்கல்லை எடுத்து வட்டமா வச்சு அதை ஐஸ்டெத்வோடோட முடிச்சுப் போட்டுட்டான். பதினாலாம் நூற்றாண்டுப் பெருங்கவி தாவித் அப் க்விலிம் பாட்டுன்னு தானே எழுதிக் குடுத்து, அதையும் அச்சுல ஏத்திப்புட்டான். குட்டு முழுசா உடையுததுக்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்துச்சு. உடைஞ்சு என்ன செய்ய? சனம் சடங்கை விடலை. இப்ப அந்தக் கல்வட்டமே கண்ணாடியிழையில செஞ்சதுதான். லாரியில ஏத்தி இறக்க லேசா இருக்காம். தொன்மை தொன்மைன்னு நெஞ்சுல அடிச்சுக்கிடுதவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லிராதே. அவங்க வணங்குத கல்லு எந்தக் கொத்தனார் பையில இருந்து வந்துச்சோ, நமக்கு ஏன் பொல்லாப்பு.

ஆனா அந்தக் கப்சாச் சடங்கு ஒரு நாள் நிசமாயிட்டு. 1917 செப்டம்பர் 6, பர்க்கன்ஹெட்ல விழா. புனைபேரைச் சொன்னாங்க. எக்காளம் ஊதுச்சு. யாரும் எந்திரிக்கலை. மறுபடியும் ஊதுனாங்க. எந்திரிக்கலை. செயிச்சவன் எல்லிஸ் எவன்ஸ்னு ஆடு மேய்ச்ச பையன். ஹெத் வின்னு ஊருக்குள்ள பேரு. தம்பிக்குப் பதிலாத் தான் பட்டாளத்துக்குப் போயி, கவிதையைப் போர்முனையில இருந்து தபால்ல அனுப்பிட்டு, ஜூலை 31 அன்னைக்கு பெல்ஜியத்துல குண்டடிபட்டுச் செத்துப்போனான். அன்னைக்கு விழாவுல பிரதமர் லாயிட் ஜார்ஜும் உக்காந்திருந்தாரு. அந்தப் பையனைப் போருக்கு அழைச்ச அரசாங்கத்துக்குத் தலைவர் அவருதான். நாற்காலிமேல கறுப்புத் துணியைப் போட்டு மூடினாங்க. அதைச் செதுக்கினவன் பெல்ஜியத்துல இருந்து போருக்குத் தப்பி ஓடிவந்த ஒரு தச்சன். இதுல கேலி பண்ண எனக்கு ஒண்ணும் இல்லை. அந்த நாற்காலி அவன் வளந்த பண்ணைவீட்டுல இன்னைக்கும் இருக்கு.

சரி, நாற்காலி வேண்டாம், காசுதான் வேணுங்கியா? அப்ப அயர்லாந்து. உன் கூட்டாளி எவனோ சொல்லியிருப்பான், அங்க எழுத்தாளனுக்கு வருமான வரி இல்லைன்னு. நிசம்தான். 1969ல சார்லஸ் ஹாகின்னு நிதியமைச்சர் கொண்டுவந்தாரு. இப்ப வருஷத்துக்கு 50,000 யூரோ வரைக்கும் வரி கிடையாது. ஆனா மாப்ளே, வரி இல்லைன்னு சொல்லிட்டா ஆச்சா? வருமானம் ஒண்ணு வேணும்லா? அதுக்கும் வழி பண்ணினாங்க. 2022ல 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, மூணு வருஷத்துக்குன்னு ஒரு சோதனைத் திட்டம். எப்படிப் பொறுக்கினாங்கங்கே? விண்ணப்பிச்சவங்கள்ல தகுதி உள்ளவங்களையெல்லாம் சேத்துப் போட்டுக் குலுக்கல்! இவன் பெரிய கவி, அவன் சின்னக் கவின்னு தரம் பிரிக்குத பொல்லாப்பே அரசாங்கத்துக்கு இல்லை. விழுந்தவனுக்கு அதிர்ஷ்டம், விழாதவனுக்கு ஒரு கவிதை.

அதே அயர்லாந்துல பழைய காலத்துல கவிஞன்னா ராசாவே நடுங்குவானாம். அவன் வசை பாடினா மூஞ்சியில கொப்புளம் கிளம்பும்னு ஒரு நம்பிக்கை. மூஞ்சியில ஊனம் வந்தவன் அரியணையில இருக்கக்கூடாதுன்னு இன்னொரு நம்பிக்கை. ரெண்டையும் கூட்டிப் பாரு. வசையால மண்மாரி பெய்ய வச்சதாச் சொல்லுத நம்ம காளமேகத்துக்கு அங்க பங்காளி நிறைய. அந்தப் பயம் தெளிஞ்சதும் ஆட்சிக்காரங்க திருப்பிக் குடுத்தாங்க. 1929ல தணிக்கைச் சட்டம் போட்டாங்க. 1960ல எட்னா ஓ'பிரையன்னு ஒரு பொண்ணு, நாட்டுப்புறத்துப் பொண்ணுக ரெண்டு பேரைப் பத்தி முதல் நாவல் எழுதுச்சு. தடை. அடுத்து எழுதினதுக்கும் தடை. அது லண்டன்லயே குடியிருந்து எழுதிக்கிட்டே கிடந்துச்சு. 2015ல அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் கையால, கலைஞர்களுக்கு அந்த நாடு குடுக்குத உச்ச மரியாதையான தங்கக் கழுத்துவளையத்தை அதே எட்னாவுக்கு மாட்டிவிட்டாங்க. தடைக்கும் தங்கத்துக்கும் நடுவுல 55 வருஷம். உனக்கு இப்ப முப்பதுன்னு வச்சுக்கோ. கணக்கு உனக்கே வரும். வளையம் வேணும்னா முதல்ல தடை வாங்குத மாதிரி ஒண்ணு எழுதணும். உன் கவிதையை நான் பாத்த வரைக்கும் அதுல தடை பண்ண ஒண்ணும் சிக்கலை. நிலா மேல யாரு கேஸ் போடுவா?

பாஸ்க் நாடுன்னு ஒண்ணு இருக்கு. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவுல, மலையடிவாரத்துல. அக்கம்பக்கத்து மொழி எதோடயும் ஒட்டு உறவு இல்லாத தனி மொழி அவங்களது. ஸ்பெயின்ல சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சிக் காலத்துல பள்ளிக்கூடத்துலயும் பொது இடத்துலயும் பேசவிடாம அமுக்கி வச்சிருந்தாங்க. அந்த மொழியில எசப்பாட்டுக்காரங்க இருக்காங்க, பெர்ட்சோலாரின்னு பேரு. மேடையில நடத்துதவர் ஒரு சூழ்நிலையைச் சொல்லுவாரு: நீ தாய், இவன் ஊரை விட்டுப் போற மகன், பாடுங்கன்னு. கையில தாள் கிடையாது, பக்கவாத்தியமும் கிடையாது. மெட்டும் யாப்பும் பிசகாம நின்ன நிலையில கட்டிப் பாடணும். அவங்க தொழில் ரகசியம் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. கடைசி அடியை முதல்ல மனசுல முடிச்சுக்கிட்டு, அதுக்குப் பிறகுதான் முதல் அடியைப் பாட வாயைத் திறப்பாங்களாம். நீ முதல் அடியைப் பாடிட்டுக் கடைசி அடி எங்கன்னு தேடுதவன். அதான் உன் கவிதை பக்கம் பக்கமாப் போகுது.

நாலு வருஷத்துக்கு ஒருக்க பெரிய போட்டி. இறுதிச் சுற்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல டிக்கெட் வாங்கிட்டு வந்து, காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் வெறும் பாட்டைக் கேக்காங்க. நடனம் இல்லை, நட்சத்திரம் இல்லை. 2009ல முதல் தடவையா ஒரு பொண்ணு செயிச்சுச்சு, மையாலென் லுஹான்பியோ. 2017லயும் 2022லயும் அதுதான். பரிசு என்னங்கே? தலையில ஒரு தொப்பி. பாஸ்க்காரங்க தலையில போடுத வட்டத் தொப்பி, கொஞ்சம் பெருசா. அந்தத் தொப்பியை வாங்கத்தான் நாலு வருஷம் நாக்கைத் தீட்டுதாங்க.

இப்ப நீ மனசுக்குள்ள என்ன நினைக்கேன்னு தெரியும். நாற்காலி, தொப்பி, வளையம், குலுக்கல்... இதுல எதை வாங்கலாம்னுதானே? எனக்கு வேற ஒண்ணு கண்ணுல படுது. குடுக்குத பொருள் ஒண்ணும் பெருசில்லை. அந்த மழையிலயும் சகதியிலயும் கூடாரத்துக்குள்ள வந்து குந்தியிருக்க சனம்தான் பெருசு. கொத்தனார் பொய்க்கும் உசுரு குடுத்து ஓட்டிக்கிட்டிருக்கது அதுதான். நீ கூட்டத்துல மேடைப்பக்கம் மட்டும்தான் பாக்கே.

கடைசியா ஐஸ்லாந்து. மொத்த நாட்டுக்கும் சனத்தொகை நாலு லட்சத்தை எட்டலை. தூத்துக்குடி மாவட்டத்துல கால்வாசிகூட வராது. அந்தக் கையளவு சனத்துக்குன்னு ஒரு மொழி. அதுல எழுதின ஹால்தோர் லாக்ஸ்னஸுக்கு 1955ல நோபல் பரிசு. அங்க சனம் புத்தகம் வாங்குத கதையைக் கேளு. ரெண்டாம் உலகப்போர்ச் சமயம், வெளியில இருந்து சாமான் வர ஏகப்பட்ட கட்டுப்பாடு. காகிதத்துக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. கிறிஸ்துமஸுக்குக் குடுக்க வேற என்ன இருக்குன்னு ஆளாளுக்குப் புத்தகத்தை வாங்கிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பதிப்பாளர்கள் சும்மா இருப்பாங்களா? 1944ல இருந்து அந்த வருஷத்துப் புத்தகம் பூராத்துக்கும் ஒரு பட்டியல் அச்சடிச்சு வீட்டுக்கு வீடு இனாமாப் போட்டாங்க. போர் முடிஞ்சு மத்த சாமானெல்லாம் கடைக்கு வந்த பிறகும் பழக்கம் போகலை. இப்பவும் புதுப் புத்தகம் பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாசங்கள்லதான் வெளியாகும். புத்தக வெள்ளம்னே அதுக்குப் பேரு. டிசம்பர் 24 ராத்திரி ஆளுக்கு ஒரு பொட்டலத்தைப் பிரிச்சுப் படிக்க உக்காந்திருதாங்க. கவிஞனைத் தூக்கித் தலையில வைக்க அங்க யாருக்கும் நேரம் இல்லை. காசு குடுத்து வாங்கிப் படிக்கவே நேரம் சரியாப்போகுது.

உன் கவிதைத் தொகுப்பு கட்டு கட்டாக் கட்டிலுக்கு அடியில கிடக்கு. பாதியை நீயே கையெழுத்துப் போட்டு இனாமாக் குடுத்துட்டே. எனக்கும் ஒண்ணு வந்துச்சு. படிக்கலை, அதை விடு. கீழத்தெருவுல உன் வயசுப் பையன் ஒருத்தன் போன மாசம் ஒரு தொகுப்பு போட்டிருக்கான்லா, அவனைக் கண்டா நீ தெருவை மாத்திப் போறியே, அவன்கிட்டப் போயி உள்ள விலையைக் குடுத்து ஒண்ணு வாங்கு. கழிவு கேக்காதே. எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கிட்டு வா. பென்சன் வந்ததும் காசு தாரேன்.