உதையா, நழுவலா?

2015 அக்டோபர் 25, ஞாயிறு இரவு. டெங்கிலில் சாலையோர ஒட்டுக்கடை. செப்பாங்கில் மோட்டோ ஜிபி பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டம் மேசைக்கு ஒரு நீதிமன்றம் நடத்திக்கொண்டிருந்தது. என் பக்கத்து மேசையில் இருவர். ஒருவர் கிள்ளானில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கறுப்பு எண்ணெய். எதிரே அவருடைய அக்கா மகன். மஞ்சள் தொப்பி, மஞ்சள் சட்டை, கன்னத்தில் வியர்வையில் கரைந்த ரோஸ்ஸியின் எண் 46. தொண்டை கட்டிப் போயிருந்தது. அதற்காக அவன் பேச்சை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

மருமகன்: உதைக்கல மாமா. உதைக்கவே இல்ல.

மாமா: நான் எப்படா உதைச்சாருன்னு சொன்னேன்? தே தாரிக் வேணுமான்னுதானே கேட்டேன்.

மருமகன்: வேணும். சீனி கொறைச்சு. ஏழாவது சுத்து, 14வது வளைவு. தலைவர் ரோஸ்ஸி உள்பக்கம், மார்க்கெஸ் வெளிப்பக்கம். அவன்தான் வந்து சாஞ்சு விழுந்தான். தலைவரோட கால் தானா நழுவிருச்சு.

மாமா: நீ எங்க உக்காந்திருந்தே?

மருமகன்: புல்மேட்டுல.

மாமா: அங்கேருந்து 14வது வளைவு தெரியுமா?

மருமகன்: தெரியாது. பெரிய திரையில பாத்தேன். அப்புறம் கைப்பேசியில நாப்பது தடவ பாத்தேன். மெதுவா ஓட்டி, நிறுத்தி, பெருசாக்கி.

மாமா: நாப்பது தடவையில எத்தன தடவ உதைச்சாரு?

மருமகன்: ஒரு தடவகூட இல்ல. மெதுவா ஓட்டினா நழுவுறது சுத்தமா தெரியுது. சாதாரண வேகத்துல ஓட்டினாத்தான் உதைக்கிற மாதிரி இருக்கு. அந்த வேகத்துல பாக்கவே கூடாது மாமா, தப்பா தெரியும்.

மாமா: ரேஸை ரேஸ் வேகத்துல பாக்கக் கூடாது. சரி. போன வருஷம் ஏஇஎஸ் கேமரா உன்னைப் படம் புடிச்சு சம்மன் வந்தப்போ, கேமரா பொய் சொல்லும்னு அழுதியே?

மருமகன்: அது அரசாங்கக் கேமரா லா.

(இந்தப் பதிலுக்கு என்னிடமும் மறுப்பு இல்லை.)

மாமா: இந்த வம்பு இன்னிக்கா ஆரம்பிச்சுது? வியாழக்கிழமை பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்துக்கிட்டு, போன ரேஸ்ல பிலிப் ஐலண்டுல மார்க்கெஸ் வேணும்னே எங்கூட விளையாடினான், பட்டத்துக்குப் போட்டி போடுற லொரென்ஸோவுக்கு ஒத்தாசை பண்றான்னு உன் தலைவர்தானே கொளுத்திப் போட்டாரு? பக்கத்துல இருக்கறவன் 22 வயசுப் பையன். அவனை அத்தன பேர் முன்னால அப்படிச் சொன்னா, ஞாயித்துக்கிழமை வந்து கையைக் குலுக்குவானா?

மருமகன்: உண்மையத்தானே சொன்னாரு! அவன் லொரென்ஸோ கைக்கூலி.

மாமா: கணக்குப் போடுடா. பிலிப் ஐலண்டுல கடைசிச் சுத்துல லொரென்ஸோவைத் தாண்டி ஜெயிச்சது யாரு?

மருமகன்: மார்க்கெஸ்.

மாமா: ஜெயிச்சா 25, ரெண்டாவதுக்கு 20. அவன் சும்மா பின்னாலயே வந்திருந்தா லொரென்ஸோவுக்கு அஞ்சு புள்ளி கூட. ஒத்தாசை பண்றவன் சாப்பாட்டுத் தட்டுலேருந்து கோழித்தொடையை எடுத்துக்கிட்டா போவான்?

மருமகன்: அங்கதான் மாமா அவன் மூளை. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு ஜெயிச்சிருக்கான்.

மாமா: அப்போ தோத்திருந்தா?

மருமகன்: அப்பட்டமா விட்டுக் கொடுத்துட்டான்னு அர்த்தம்.

மாமா: (தே தாரிக்கை ஊதியபடி) நீ சட்டம் படிச்சிருக்கணும்.

மருமகன்: சிரிக்காதீங்க. இங்க வர்றப்போ தலைவர் லொரென்ஸோவை விட 11 புள்ளி முன்னால. இப்ப ஏழுதான். அதுலயும் தண்டனை வேற! மூணு தண்டனைப் புள்ளி. மிசானோவுல ஏற்கெனவே ஒண்ணு வாங்கினது சேந்து நாலாயிடுச்சு. கடைசி ரேஸ் வலென்சியாவுல, அங்க கடைசி ஆளா நின்னு கிளம்பணும். பத்தாவது பட்டம் மாமா! 36 வயசு. 2009க்கு அப்புறம் இவ்வளவு பக்கத்துல வந்ததே இல்ல. நடுவருங்க கண்ணு என்ன பொட்டையா? உதைக்காத ஆளுக்கு உதைச்சான்னு தண்டனை!

மாமா: தீர்ப்புல உதைன்னு எங்கடா இருக்கு? வேணும்னே வளைவுல அகலமாப் போயி, அவனை வெளிய தள்ளி, உரசலுக்குக் காரணமானாருன்னுதான் தண்டனை. அகலமாப் போனதை அவரே ஒத்துக்கிட்டாரு. உதைச்சாரா நழுவிச்சான்னு நீங்க தொண்டை கிழியுறீங்க; தண்டனை கொடுத்தவங்களுக்கு அந்தக் கேள்வியே தேவைப்படல.

மருமகன்: (சற்று நேரம் கழித்து) அப்ப அவங்களே உதைக்கலன்னு சொல்லிட்டாங்க.

மாமா: யப்பா, முருகா.

மருமகன்: அவருகிட்டதான் வேண்டியிருக்கேன். வலென்சியாவுல தலைவர் பட்டம் அடிச்சா, பத்துமலை 272 படியும் முட்டி போட்டு ஏறுறேன்.

மாமா: நல்ல சாமியாத்தான் புடிச்சிருக்கே. உலகத்தையே சுத்தி ரேஸ் ஓட்டிட்டு வந்து, பழம் கிடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டு மலை ஏறினவரு. உன் தலைவர் வேதனை அவருக்குப் புரியாம யாருக்குப் புரியும்?

மருமகன்: அங்கயும் ரேஸ் கமிட்டி சரியில்ல மாமா. அப்பா அம்மாவைச் சுத்தினா உலகத்தைச் சுத்தின கணக்காம்! எந்தச் சட்டத்துல இருக்கு?

(பிள்ளையார் லொரென்ஸோவாகிவிட்டார். இதற்குமேல் வழக்கு எங்கே போகும் என்று யோசித்தபடி நான் இன்னொரு ரொட்டி சானாய் சொன்னேன்.)

மாமா: மேடையில லொரென்ஸோவுக்குக் கூச்சல் போட்டீங்களே, அது எந்தச் சட்டம்? அந்த ஆள் ரெண்டாவதா வந்ததைத் தவிர என்ன பண்ணினாரு?

மருமகன்: கட்டை விரலைக் கீழ காட்டினாரே!

மாமா: காட்டினாரு, அது அசிங்கம்தான். நீங்க மட்டும் மரியாதையா நின்னீங்களோ? ரெண்டு மாசமா புகைமூட்டம், மூச்சு விட முடியல. பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கெடக்கு. அதுல நீங்க கொளுத்தின மஞ்சள் புகை வேற. எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டு அப்படி ஒரு கூச்சல். நுரையீரலுக்கு அவார்டு கொடுக்கணும்.

மருமகன்: உணர்ச்சி மாமா. உங்க வயசுக்குப் புரியாது.

மாமா: புரியாதா? நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே அக்டோபர் 23. நான் அங்கதான் இருந்தேன். ரெண்டாவது சுத்து, 11வது வளைவு. சிமொன்செல்லி விழுந்தாரு. 24 வயசு. பின்னால வந்த வண்டியில ஒண்ணு உன் தலைவரோடது. அவருக்குத் தம்பி மாதிரி பழகின பையன்டா அது. ரேஸையே நிறுத்திட்டாங்க. வீட்டுக்கு எப்படி வந்து சேந்தேன்னு இன்னிக்கும் ஞாபகம் இல்ல. இன்னிக்கு மார்க்கெஸ் விழுந்து எழுந்து நடந்து போறதைப் பாத்ததும் எனக்கு உயிர் வந்துச்சு. உன் பக்கத்துல நின்னவனெல்லாம் கையத் தட்டினான்.

(மருமகன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அரை நிமிடம் இருக்கும்.)

மருமகன்: நான் தட்டல.

மாமா: தெரியும்.

மருமகன்: ஆனா விழுற மாதிரி நடிச்சிருக்கலாம்ல?

மாமா: சரி, இதைச் சொல்லு. இன்னிக்கு யாரு ஜெயிச்சா?

மருமகன்: எதுல?

மாமா: ரேஸ்ல.

மருமகன்: லொரென்ஸோ ரெண்டு. தலைவர் மூணு.

மாமா: ரெண்டுக்கு முன்னால ஒண்ணுன்னு ஒரு எண் இருக்கு.

மருமகன்: (பக்கத்து மேசையைப் பார்க்கிறான். அங்கேயும் மஞ்சள், அங்கேயும் தெரியவில்லை.) ஆங்... பெட்ரோசா!

மாமா: வந்துட்டாருப்பா ஞாபகத்துக்கு. ஏப்ரல்ல முன்கையில அறுவை பண்ணிக்கிட்டு மூணு ரேஸ் ஓட்டாம உக்காந்திருந்த ஆளு. கையில பிடிமானமே போயிருமோன்னு இருந்தவரு. நேத்து முதலிடம் புடிச்சு, இன்னிக்கு முதல்ல கிளம்பி, முதல்லயே முடிச்சாரு. அந்தச் சின்ன உடம்பை வச்சுக்கிட்டு இந்த வேக்காட்டுல 20 சுத்து! கேமராக்காரனே பின்னால நடந்த சண்டையிலதான் கண்ணா இருந்தான்.

மருமகன்: நல்ல மனுஷன்தான் மாமா. ஆனா அவரை வச்சு என்னன்னு சண்டை போடுறது?

(எதிர்த்தரப்பு வாதம் தீர்ந்துபோனதை அந்த நேரத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மாமா மீ கோரெங்கைக் கிளறிக்கொண்டிருந்தார்.)

மருமகன்: நான் ஒண்ணு கேக்கவா? பெட்ரோசா ஹோண்டா. மார்க்கெஸும் ஹோண்டா. உதைச்சதுல முன் பிரேக் பூட்டிக்கிச்சுன்னு சொல்றதும் ஹோண்டா. நீங்க அதை நம்புறீங்களா?

மாமா: பிரேக் லிவர் வலது கைப் பக்கம். ரோஸ்ஸியோட இடது கால் அதுக்கு நேரா இருக்கு. பொருந்துதே.

மருமகன்: யமஹா சொல்லியிருந்தா?

மாமா: யமஹாவா? நேரா பொய்னு சொல்லியிருப்பேன். என் பட்டறைக்கு வாரத்துக்கு எத்தன யமஹா வருதுன்னு தெரியுமா? இருபது வருஷமா என் ஹோண்டா இஎக்ஸ்5 ஓட்டுறேன், ஒரு நாள் நடுரோட்டுல விட்டதில்ல. அந்தக் கம்பெனிக்காரன் எதுக்குடா பொய் சொல்லப் போறான்?

மருமகன்: ஓஹோ.

மாமா: என்ன ஓஹோ?

மருமகன்: ஒண்ணுமில்ல. நீங்களும் சட்டம் படிச்சிருக்கணும்.

கணக்கை மாமாதான் கொடுத்தார். அதற்கும் சண்டை நடந்தது, அதை விட்டுவிடுகிறேன். வெளியே கப்சாய்களும் ஒய்15களும் வரிசையாக உறுமிக்கொண்டு கிளம்பின. ஒவ்வொருவனும் சாலை வளைவில் முட்டியைத் தரையில் தேய்த்துவிடப் பார்த்தான். மாமா தன் இஎக்ஸ்5 மேல் ஏறி, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டரை மிதித்தார். கிளம்பவில்லை. மறுபடி மிதித்தார். இருமியது. மூன்றாவது முறை எழுந்து நின்று, உடம்பின் மொத்தக் கனத்தையும் காலில் இறக்கினார். வண்டி அசையவில்லை, பக்கத்தில் நிறுத்தியிருந்த மருமகனின் யமஹாதான் சரிந்து விழுந்தது.

மருமகன்: மாமா! உதைச்சிட்டீங்க!

மாமா: இல்லடா. கால் தானா நழுவிருச்சு.