கொந்தராத்துக்காரரே, உங்கள் பில் ஒரு சொத்து!

வடமராட்சியில் ஒழுங்கையொன்றுக்குத் தார் ஊற்றிவிட்டு, அரசாங்கம் இன்னும் கட்டாத பில்லோடு அலையும் கொந்தராத்துக்காரருக்கு ஒரு நற்செய்தி. உங்கள் கையில் இருப்பது வெறும் கடதாசி இல்லை, மூலதனமாம்! நிதி நிறுவனங்கள் இதை 'இன்வொய்ஸ் டிஸ்கவுண்டிங்' என்கின்றன. பில்லைக் கொடுத்தால் எண்பது வீதம்போல முதலில் வரும்; மிச்சம், பில் கட்டுப்பட்ட பிறகு வட்டியும் கூலியும் கழித்து வரும். கட்டுப்படாவிட்டால்? தந்த காசைப் பெரும்பாலும் உங்களிடமே திருப்பிக் கேட்பார்கள்.

கடன்காரன் அரசாங்கம்; வட்டி கட்டுகிறவர் நீங்கள். அருமையான ஏற்பாடு.

சரி, நிதி நிறுவனத்துக்குப் போய்ப் பாருங்கள். "இந்தத் தொகை தரவேண்டியது உண்மைதான்" என்று வேலை தந்த திணைக்களத்தின் கடிதம் கேட்பார்கள். அளவைப் புத்தகத்தில் கையெழுத்து வைத்த உத்தியோகத்தர் பொறியியலாளரைக் காட்டுவார்; அவர் கணக்காளரைக் காட்டுவார்; கணக்காளர் கொழும்பைக் காட்டுவார். "காசு இன்னும் வரேல்லை, தம்பி."

டிசம்பரில் மட்டும் தம்பிக்கு மரியாதை கூடும். 31ஆம் திகதிக்குள் வேலை முடியாவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடுமாம். கொட்டும் மழைக்குள்ளும் கொங்கிறீற் போடச் சொல்லுவார்கள். போட்டு முடித்தால் பில் அடுத்த ஆண்டுக்குப் போகும். அதற்குள் சல்லிக்காரனும் டீசல்காரனும் படலையைத் தட்டுவார்கள். மனைவியின் தாலிக்கொடி அடகு வைக்கக் கஸ்தூரியார் வீதிக்குப் போகும். பிறகு, பின்திகதி போட்ட செக்கைக் கொடுத்து மாதவட்டிக்குக் காசு மாறுவது. யாழ்ப்பாணத்தின் உண்மையான 'டிஸ்கவுண்டிங்' அதுதான்.

2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது; கொந்தராத்துக்காரரின் கடன் வட்டியும் கூடவே ஏறியது. 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அரசாங்கம் கையை விரித்தது. அந்தக் கடனைக் கொடுத்தவர்களோடு பேச லசார்ட் நிறுவனத்தையும் கிளிஃபர்ட் சான்ஸ் சட்டத்தரணிகளையும் பிடித்தார்கள்; அவர்களுக்குக் கடன் மறுசீரமைப்பும் நடந்தது. ஒழுங்கைக்குத் தார் ஊற்றினவருக்கு? "அடுத்த கிழமை பாப்பம்" என்று பியோன் சொன்னதுதான் மறுசீரமைப்பு. அதே வசனத்தைக் கொந்தராத்துக்காரர் தன் வங்கியிடம் சொல்லிப் பார்க்கட்டும்! நீதிமன்றப் படி ஏறாமலே ஈட்டுக் காணியை ஏலம் விட வங்கிக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வரி பிந்தினால் இறைவரித் திணைக்களம் தண்டம் போடும். அரசாங்கம் பிந்தினால் மட்டும் அது 'நிதி முகாமைத்துவம்'.

கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறுதொழில்காரரின் பில்லை 45 நாளுக்குள் கட்டவேண்டும். பிந்தினால் ரிசர்வ் வங்கி வீதத்தின் மும்மடங்கில் கூட்டுவட்டி. அங்கேயும் எல்லாரும் யோக்கியர் இல்லை. ஆனால் குற்றவாளி யார் என்றாவது சட்டத்துக்குத் தெரியும். இங்கே காசைப் பிடித்து வைத்திருப்பவனை விட்டுவிட்டு, காத்திருப்பவனுக்கு வட்டிக்கடன் விற்கிறார்கள்.

உங்கள் ஊர் வீதியைத் திறக்க அமைச்சர் வந்தால், நாடா வெட்ட முதல் கேளுங்கோ: "ஐயா, இந்த ரோட்டுப் பில் கட்டியாச்சோ?" இல்லையென்றால் கத்தரிக்கோலைக் குடுக்காதேயுங்கோ.