பூதத்துக்கும் ஓர் ஆண்டன் போர்டு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தை நெருங்கினால் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர்தான். ரெனோ-நிசான் 2010-இல் இங்கே கார் செய்ய ஆரம்பித்தது. ராயல் என்ஃபீல்டு 2013-இல் பைக். இவர்களைப் போன்றவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் இன்னும் உள்ளே தள்ளி இருக்கின்றன. அப்படி ஒன்றில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருக்கிறார் நம்மவர். மெஷினைச் சரிசெய்வது வேலை. ஆனால் ஷிப்டில் அவர் அதிகம் பார்ப்பது மெஷினை அல்ல, திரையை. மெஷினுக்கு ஒரு தொடுதிரை, டெஸ்ட் பெஞ்சுக்கு ஒரு மானிட்டர், போதாததற்கு லைனுக்கு மேலே தொங்கும் ஆண்டன் போர்டு. டார்கெட் இவ்வளவு, ஆக்சுவல் இவ்வளவு. ஸ்டேஷன் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தால் டீ குடிக்கலாம். மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் குடிக்கலாம். சிவப்பு எரிந்தால் டீயை வைத்துவிட்டு ஓட வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதர் படப்பையில் இருக்கும் அறைக்குத் திரும்பியதும் படமே இல்லாத விளையாட்டைத் தேடிப் போனதில் நியாயம் இருக்கிறது. 'மட்' என்று பெயர். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் பிடிபி-10 கணினியில் தொடங்கி வைத்த வகை. எல்லாமே எழுத்து. ஈரம் கசியும் குகை வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று ஒரு பத்தி வரும். போக வேண்டிய திசையைத் தட்டினால் அடுத்த பத்தி வரும். பூதம் அடித்தால் ஒரு வாக்கியம், திருப்பி அடித்தால் இன்னொன்று.

தனியாக இருக்கும்வரை சுகம். பத்து பேர் சேர்ந்து பூதத்தை அடிக்கும்போது, பந்தியில் சாம்பார் வாளியும் ரச வாளியும் மோர் வாளியும் ஒரே இலைக்கு வந்து நிற்பதுபோல வாக்கியங்கள் கொட்டும். உங்கள் உயிர் எவ்வளவு மிச்சம் என்ற வரியும் அதற்குள்தான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். நம்மவர் அதைக் கண்டுபிடித்துப் படிப்பதற்குள் அடக்கமே முடிந்துவிடும்.

இதற்கு மருந்து உண்டு. ஆஸ்திரேலியரான நிக் கேமன் எழுதிய 'மஷ்கிளையன்ட்' என்ற இலவச மென்பொருளில் 2008-இல் 'மினிவிண்டோ' வந்தது. பிரேசிலில் 1993-இல் பிறந்த லுவா மொழியில் சில வரிகள் எழுதினால், விளையாட்டுத் திரையின் மேல் நமக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் ஒரு பெட்டி. ஓடும் எழுத்திலிருந்து எண்ணைப் பிடித்து அதில் கோடாக வரைந்துகொள்ளலாம்.

நம்மவர் உயிருக்கு ஒரு கோடு வரைந்தார். சிவப்பாக வர வேண்டியது நீலமாக வந்தது. வலைப்பக்கங்களில் நிறத்துக்கு எண் கொடுக்கும்போது சிவப்பு முதலில், நீலம் கடைசியில். இங்கே விண்டோஸ் வழக்கப்படி நீலம் முதலில். சாகக் கிடக்கும் வீரன் நல்ல ஆகாய நிறத்தில் கிடந்தான். அதைத் திருத்தினால் அடுத்தது: பழைய எண்ணை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும் என்பதை அந்தப் பெட்டி தானாகத் தெரிந்துகொள்ளாது. 450-க்கு மேல் 380, அதற்கு மேல் 295. மூன்றாவது அடியில் அங்கே இருந்தது எண் அல்ல, கறை. முதலில் பின்னணி நிறத்தைப் பூசு, பிறகு எழுது என்று இரண்டு வரி சேர்த்ததும் சரியானது.

சரியானதுதான் வினை. ஆண்டன் போர்டைப் பார்த்துப் பழகிய கண் ஒரு கோட்டோடு நிற்குமா? வரைபடத்துக்கு ஒரு பெட்டி. அரட்டைக்கு ஒரு பெட்டி. மந்திரம் தீரும் நேரத்துக்கு ஒன்று. அடுத்த நிலைக்குத் தேவையான அனுபவப் புள்ளிகளைக் காட்டும் பெட்டிக்கு அவர் வைத்த தலைப்பு: டார்கெட், ஆக்சுவல். பெட்டிக்குப் போன வரி மறுபடி திரையில் எதற்கு என்று, அதை மறைக்கும் வசதியையும் தட்டிவிட்டார். கடைசியில் நடுத்திரை காலி. ஈரம் கசியும் குகையை யாரோ உட்கார்ந்து வர்ணித்தாரே, அவர் பாவம். எழுத்துக்காக வந்தவர் எழுத்தை முழுவதும் வெளியேற்றிவிட்டு, சுற்றிலும் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார், சம்பளம் இல்லாமல்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அக்கேயா, ஆர்ட்வுல்ஃப் போன்ற 1990-களின் விளையாட்டுகளே இன்று ஜிஎம்சிபி என்ற வழியில் உயிர்க்கணக்கைத் தனியாக அனுப்புகின்றன. வர்ணனை ஒரு வழி, எண் ஒரு வழி. மட்லெட் என்ற இன்னொரு மென்பொருளிலோ ஏறி இறங்கும் கோடு ரெடிமேடாகவே கிடைக்கிறது. படிக்காமல் விளையாட எல்லா ஏற்பாடும் உண்டு.

பெருமை தாங்காமல் கூட விளையாடும் ஒருவருக்கு அந்த ஸ்கிரிப்டை அனுப்பினார். அவர் பார்வையற்றவர். படமில்லாததால் இவ்வகை விளையாட்டில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர்; வரும் எழுத்தைத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும். மினிவிண்டோவில் இருப்பதோ எழுத்து அல்ல, எழுத்தின் படம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுச் சுவர். வரிகளை வேறு மறைத்தாகிவிட்டதால், அவருக்கு மொத்த விளையாட்டும் ஊமையாகிவிட்டது. சத்தமாகக் கொடுங்கள் சார், போதும் என்று பதில் வந்தது.

இதில் நம்மவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மறைத்த வரிகளைத் திருப்பிக் கொடுத்தார். உயிர் கால்வாசிக்குக் கீழே போனால் ஒரு மெட்டு ஒலிக்கும்படி எழுதினார். எந்த மெட்டு? லைனில் சிவப்பு எரியும்போது ஸ்பீக்கரில் வரும் அதே பீத்தோவன் மெட்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. காலை பதினொரு மணிக்கு, பி ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சோதித்துப் பார்த்தார். அதே லைனில் ஆபரேட்டராக இருக்கும் தென்காசித் தம்பி சி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பக்கத்துப் பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பூதம் ஓங்கி ஒன்று வைத்தது. மெட்டு ஒலித்தது. தம்பி துள்ளி எழுந்து, கண் திறக்காமலே சேஃப்டி ஷூவைத் தேடினான்.

"எந்த ஸ்டேஷன்ணே?"

"குகைடா. நீ படு."