டாம்பாவிலிருந்து ஒரு வால் விசாரணை

டாம்பா, ஃபுளோரிடா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போன ஞாயிறு போனில், "பாப்பாவுக்குப் பொறந்த நாளைக்கு என்ன வேணுமாம் கண்ணு?" என்று கேட்டீர்கள். "வால்" என்றேன். லைன் சரியில்லை என்று மறுபடி கேட்டீர்கள். மறுபடியும் "வால்" என்றேன். நீங்கள் பேசாமல் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தில் போட்டால் எனக்குப் புத்தி பிசகவில்லை என்பதாவது தெரியும்.

சங்கதி இதுதான். இந்த ஊர்ப் பெண் குழந்தைகளுக்குக் கடல்கன்னி மோகம். நீச்சலுடைத் துணியில் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே குழாயாகத் தைத்து, மேலே செதில் செதிலாகப் பிரிண்ட் போட்டிருப்பார்கள். அடியில் இரண்டு பாதத்தையும் சேர்த்துச் செருகிக்கொள்ள ஒரு துடுப்புத் தகடு இருக்கும். அதற்கு மோனோஃபின் என்று பெயர். மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் தனித்தனியாகக் கால் உதைக்க முடியாது, உடம்பை நெளித்துத்தான் போக வேண்டும். உங்கள் பேத்திக்கு எட்டு வயது முடிகிறது. பொம்மை வேண்டாம், சைக்கிள் வேண்டாம், வால்தான் வேண்டும் என்கிறாள். "இருக்கற வாலு போதாதா?" என்று சித்தி கேட்பது இங்கே வரை காதில் விழுகிறது.

பிள்ளையைச் சொல்லியும் குற்றமில்லை, குடியிருக்கிற இடம் அப்படி. காரில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் வீக்கி வாச்சி என்று ஓர் ஊற்று இருக்கிறது. கடற்படை முக்குளிப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த நியூட்டன் பெரி என்பவர் 1947இல் அந்த ஊற்றங்கரையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கண்ணாடி வைத்த கொட்டகை கட்டினார். பெண்களைக் கடல்கன்னிகளாக நீந்தவிட்டு டிக்கெட் போட்டார். அவர்கள் குழாயில் வருகிற காற்றை அவ்வப்போது இழுத்துக்கொண்டு, தண்ணீருக்கடியிலேயே வாழைப்பழம் சாப்பிடுவார்கள், சோடா குடிப்பார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சாலையில் வண்டி வருவதே அபூர்வம். கார்ச் சத்தம் கேட்டால் பெண்கள் நீச்சலுடையோடு ரோட்டோரத்துக்கு ஓடிப்போய்க் கை காட்டி ஆளை இழுப்பார்களாம். 2008இலிருந்து அது மாநில அரசின் பூங்கா. ஆமாம் சித்தப்பா, சம்பளப் பட்டியலில் கடல்கன்னி இருக்கிற அரசாங்கம் இது. தண்ணீர் வருஷம் முழுக்க 74 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 23. உங்கள் மாப்பிள்ளை கட்டைவிரலை மட்டும் நனைத்துவிட்டு ஸ்வெட்டர் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வால் விற்கிற கடை எதுவும் என் கண்ணில் படவில்லை, ஆன்லைனில்தான் தேடினேன். அதில் மூன்று ஜாதி. முதலாவது, தொழில்முறைக் கடல்கன்னிகள் போடுகிற சிலிக்கான் வால். ஒவ்வொரு செதிலும் புடைத்து நிற்கும், தூக்கினால் அரிசி மூட்டையைத் தூக்குகிற எடை, விலை ஆயிரக்கணக்கான டாலர். அது நமக்கு ஆகாது. இரண்டாவது துணி வால், துடுப்போடு சேர்த்து 100 டாலரை ஒட்டி வரும். மூன்றாவதற்கு, பாறையில் வாலோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற படம்; எந்தக் கடையிலும் அதே பெண், அதே பாறை, விலை மட்டும் 24 டாலர்.

பக்கத்து வீட்டு விஜயவாடாக்காரம்மா அந்த மூன்றாவதை வாங்கினார். படத்தில் பச்சையும் நீலமும் தகதகவென்று இருந்தது. கவரைப் பிரித்தால் மெல்லிசான துணியில் மங்கலான அச்சு, துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பாஞ்சுத் துண்டு. அவர் மகள் அதைப் போட்டுக்கொண்டு குளத்து ஓரத்தில் உட்கார்ந்து ஒருமுறை எழுந்தாள், சிமென்ட் தரை பாதியைத் தின்றுவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், தபால் செலவை நீயே போட்டு வேறு கண்டத்துக்கு அனுப்பு என்றார்களாம். அந்தச் செலவு வாலைவிட அதிகம்.

இதில் புதுசாக எதுவும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நாட்டில் கடல்கன்னி மோசடிக்குத் தனிச் சரித்திரமே இருக்கிறது. 1842இல் பி. டி. பார்னம் என்கிற வேடிக்கைக் கண்காட்சி முதலாளி, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கடல்கன்னிப் படங்களைக் கொடுத்தார். எல்லாம் நீண்ட கூந்தலும் வடிவான முகமுமாக, ரவிவர்மா வரைந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. காசு கொடுத்து உள்ளே போனவர்கள் பார்த்தது, குரங்கின் மேல் பாதியையும் மீனின் கீழ்ப் பாதியையும் ஒட்டித் தைத்த காய்ந்த உருப்படி. பாதி கருவாடு. அதே உருப்படியை 1822இல் லண்டனில் காட்டியவர் சாமுவேல் பாரெட் ஈட்ஸ் என்கிற கப்பல் கேப்டன். தனக்கு எட்டில் ஒரு பங்கே சொந்தமான கப்பலை முழுசாக விற்று அதை வாங்கியிருந்தார். பார்னம் விவரமானவர், வாங்கவே இல்லை. பாஸ்டன்காரர் ஒருவரிடமிருந்து வாரம் 12.50 டாலர் வாடகைக்கு எடுத்தார். பொருளை வாங்கியவருக்குக் கப்பல் போனது, படம் போட்டவருக்குக் கல்லா நிறைந்தது.

அதனால் நான் படத்தை நம்புவதை விட்டுவிட்டு, படத்தில் முழங்காலைத் தேட ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். பனியன் கம்பெனியில் இருக்கிற உங்களுக்குத் தெரியாத துணியா? நான்கு பக்கமும் இழுபடுகிற லைக்ரா கலந்த துணி, போட்டால் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். முட்டி தெரியும், முட்டிக்குப் பின்னால் சுருக்கம் விழும், நன்றாக இழுபட்ட இடத்தில் பிரிண்டுக்கு அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். முட்டியே இல்லாமல் வழவழவென்று ஒரு துணி வால் படத்தில் இருந்தால், அது யாரோ கஷ்டப்பட்டுச் செய்த சிலிக்கான் வாலின் திருட்டுப் படம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வரைந்தது. படத்தைப் போட்டே அதன் பூர்வீகத்தைத் தேடுகிற வசதி இப்போது இருக்கிறது. தேடினால் அதே பெண் அதே பாறையில் உட்கார்ந்தபடியே கடைக்கு ஒரு பெயரில் வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கடையின் பூர்வீகத்தையும் பார்க்கலாம். இணைய முகவரி எந்தத் தேதியில் பதிவானது என்பது பொதுவில் கிடைக்கிற தகவல். "பத்தாண்டுகளாகத் தாய்மார்களின் நம்பிக்கை" என்று நெற்றியில் போட்டிருந்த ஒரு கடை பதிவானது போன மாதம். இன்னொரு கடையின் முகவரியை மேப்பில் போட்டால் டயர் கடை வந்தது. வாங்கினவர்கள் கருத்து என்று ஒரு பக்கம் இருக்குமே, அதைப் படிக்கப் படிக்க நேரம் போனதே தெரியவில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவர், "தோசை ஒட்டவே இல்லை" என்கிற பாணியில் ஒரு வாணலியைப் புகழ்ந்திருந்தார். வேறு பொருளுக்கு வந்த பாராட்டை அப்படியே வாலுக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். பொய்ப் பாராட்டு போடக் கூடாது என்று 2024 அக்டோபரிலிருந்து இங்கே மத்திய அரசின் விதியே இருக்கிறது. வாணலிப் பாராட்டை வாலுக்கு மாட்டுகிறவர்கள் அதற்கும் அகப்படவில்லை.

இதையெல்லாம்விட எனக்குக் கைகொடுத்தது உங்கள் தொழில்தான். சின்ன வயதில் உங்கள் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே, பீஸ் வந்ததும் நீங்கள் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பீர்கள். நானும் கண்ணில் பட்ட கடைகளுக்கெல்லாம் ஒரே கடிதம் போட்டேன்: வாலை உள்பக்கம் திருப்பி ஒரு போட்டோ அனுப்பவும், தையலும் லேபிளும் தெரிய வேண்டும். கையில் சரக்கே இல்லாதவனால் எதைத் திருப்ப முடியும்? "அன்பான கஸ்டமர், தரம் 100 சதவீதம்" என்று பதில் போட்டு, அதே பாறைப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள் சிலர். பலர் பதிலே போடவில்லை. ஒரே ஒரு அம்மாள் மட்டும் மறுநாளே படம் அனுப்பினார். மேசை மேல் வால் குப்புறக் கிடக்கிறது, ஓரத்தில் ஓவர்லாக் தெரிகிறது, சிமென்டில் உரசுகிற துடுப்பு நுனியில் இரட்டைத் துணி கொடுத்திருக்கிறார். கூடவே கத்தரிக்கோல், இஞ்ச் டேப், பாதி குடித்த காபி, ஒரு பூனையின் முதுகு எல்லாம் படத்தில் விழுந்திருந்தன. லேபிளில் யார் செய்தது, எங்கே, எப்போது என்று மூன்றும் இருந்தன. 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாமான்களுக்கு அது கட்டாயம் என்று 2008இல் இங்கே சட்டம் போட்டார்கள். எக்ஸ்போர்ட் ஆர்டரில் பையர் லேபிளுக்காக உங்கள் உயிரை எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மாள் வாலைப் பற்றி அதிகம் பேசவே இல்லை, காலைப் பற்றித்தான் கேட்டார். இடுப்பு எவ்வளவு, உயரம் எவ்வளவு, செருப்பு சைஸ் என்ன, பாதம் அகலமா ஒடுக்கமா என்றார். பிறகு, பிள்ளை வால் இல்லாமல் நன்றாக நீந்துவாளா, தண்ணீருக்குள்ளேயே துடுப்பிலிருந்து பாதத்தைத் தானாக உருவிக்கொள்வாளா, பெரியவர் ஒருவர் கை எட்டுகிற தூரத்தில் இருப்பாரா என்றார். நீந்தத் தெரியாத பிள்ளை என்றால் இப்போது வாங்க வேண்டாம் என்றார். பொதுக் குளங்கள் சிலவற்றில் வாலுக்கு அனுமதி இல்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அது நிஜம், கனடாவில் எட்மன்டன் நகராட்சி 2015இலேயே தன் குளங்களில் வாலைத் தடை பண்ணிவிட்டது. விற்பனை கெட்டாலும் பரவாயில்லை என்று பேசுகிற வியாபாரி! நம்மூர் ஜவுளிக்கடையில் "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுங்க" என்று சொன்ன சேல்ஸ்மேனை நீங்களாவது பார்த்திருக்கிறீர்களா?

பணம் கட்டுகிற இடத்தில்தான் வேஷம் முழுசாகக் கலையும். கார்டு வேண்டாம், பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்கிற வழியில் அனுப்புங்கள், கமிஷன் மிச்சம் என்றது ஒரு கடை. அந்த வழியில் போன பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. கல்யாணத்துக்குப் பத்திரிகை கூட வைக்காதவன் வால் விற்கிறபோது மட்டும் எனக்குக் குடும்பம் ஆகிவிடுகிறான். கிரெடிட் கார்டில் கட்டினால், தவறான பில் என்று புகார் பண்ணச் சட்டப்படி ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாள் இருக்கிறது. "கையால் செய்கிறோம், பத்து வாரம் பொறுங்கள்" என்கிறவர்களில் இரண்டு ரகம். ஒருவர் நிஜமாகவே கையால் செய்கிறவர். மற்றவர் அந்த 60 நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவர். பூனைக்கார அம்மாளும் காத்திருக்கத்தான் சொன்னார், ஆனால் வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை பேர், எந்த வாரம் துணி வெட்டுவார் என்று எழுதியே கொடுத்தார். கார்டில்தான் கட்டினேன்.

"இதுக்கா இத்தனை ரோதனை? நாலு மீட்டர் துணியில நானே தைச்சு அனுப்பியிருப்பேனே" என்று சொல்வீர்கள். துணியை நீங்கள் இவர்களைவிட நன்றாகத் தைப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீரில் பிள்ளையைக் காப்பாற்றுவது துணி இல்லை, சட்டென்று கழன்றுவருகிற அந்தத் துடுப்பு. அது பனியன் கம்பெனியில் கிடைக்காது.

இருந்தாலும் உங்களை விடுவதாக இல்லை. பிறந்த நாளுக்குள் பூனை அம்மாளின் வால் வந்து சேராது. இங்கே பிள்ளைகள் சோபாவில் வாலோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள், அதற்கு ஒன்று வேண்டும். தண்ணீருக்கு அவருடையது, தரைக்கு உங்களுடையது. பாப்பாவின் அளவும் விஜயவாடாக்காரம்மாவிடம் கேட்டு வெட்டிய கிழிந்த வாலின் துண்டும் இந்தக் கவரிலேயே இருக்கின்றன. துண்டைத் தொட்டுப் பார்த்துத் துணியின் கனம் எத்தனை ஜிஎஸ்எம் வரும் என்று சொல்லுங்கள், அவருக்கு ஒரு ஆறுதல். துண்டைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், சாயம் ஒட்டும். தைக்கிற வால் அடியில் திறந்தே இருக்கட்டும், இவள் அதோடு நடப்பாள், ஓடவும் பார்ப்பாள். வளர்கிற பிள்ளை என்று இரண்டு இஞ்ச் தாராளமாக விட்டுவிடாதீர்கள், தடுக்கி விழுவாள். நிறம் பச்சை. கம்பெனியில் யாராவது என்னவென்று கேட்டால், எக்ஸ்போர்ட் சாம்பிள் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்