பத்துப் பொருத்தம்

நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிகளையும், ஜனவரியில் குதிரமாளிகையில் நடக்கும் ஸ்வாதி ஸங்கீதோத்ஸவத்தையும் ஒரு நாள் விடாமல் கேட்டு, தாளம் போட்டே வேஷ்டியின் தொடைப்பகுதியைத் தேய்த்துவிட்ட பென்ஷன்காரர்கள் திருவனந்தபுரத்துக் கரமனை அக்கிரஹாரத்தில் பலர் உண்டு. அவர்களுள் ஒரு சிறுபான்மையினர், வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்த இசைத்தட்டுகளின் விளைவாக, அறுபது வயதுக்குமேல் ஜாஸ் பித்துக்கு ஆளாகிறார்கள். பித்து அதோடு நிற்பதில்லை. ஜாஸுக்கு உற்ற துணை நுரைக்கும் ஒயினே என்று எங்கோ படித்த நாள்முதல், பெண்ணுக்கு வரன் பார்த்த பழைய உத்ஸாகம் திரும்பி வந்து, இரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இவர்களில் ஒருவர் என் நண்பர் என்பதால், சென்ற வருஷக் கடைசி நாளன்று அந்த விவாஹத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது.

தினம், கணம் முதல் ரஜ்ஜு, வேதை ஈறாக ஒன்றையும் அவர் விடுவதில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் சரளைக்கல் குரலுக்கு இந்த மெல்லிய குமிழிகள் தாங்கா; ஆகவே கணப் பொருத்தமில்லை. பில்லி ஹாலிடே பாடினால் நெஞ்சு உருகும். ஆனால் வருஷப் பிறப்பன்று வீட்டில் அழுகுரல் கேட்கலாமோ? கோல்ட்ரேன் விருந்துக்கு உரியவரே அல்லர், உபவாஸத்துக்கு உரியவர். இப்படி மார்கழி பாதி வரை கழித்துக் கட்டியபின் எஞ்சிய வரன், டேவ் புரூபெக் குழுவினர் 1959-இல் பதிவு செய்த ‘டேக் ஃபைவ்’. ஐந்து அக்ஷரத் தாளம். அதுவும், புரூபெக் அதற்கு முந்தின வருஷமே சென்னைக்கு வந்து பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டுச் சென்றவர் என்பதால், ‘நம்மாத்து ஸம்பந்தம்’ என்று நண்பர் தீர்மானித்துவிட்டார்.

மறுநாள் ஒன்றாம் தேதி. கேரளத்தில் மாதப் பிறப்பன்று மதுக்கடைகள் திறப்பதில்லை. ஆகவே முப்பத்தொன்றாம் தேதி மாலை, ‘பிவரேஜ்’ என்று ஊரார் சொல்லும் அரசாங்கக் கடையின் வரிசையில், கோயில் க்யூவிலும் காணக் கிடைக்காத ஒழுங்கோடு நின்ற ரம், பிராந்திக்காரர்களுக்கு நடுவில், நெற்றியில் சந்தனமும் கையில் சாலைக் கடைத்தெரு ஜவுளிப் பையுமாக அவரும் நின்றார்.

“நல்ல டிரையா ஒண்ணு வேணும்.”

“டிரை நாளைக்கல்லே சாரே? இன்னைக்கு எல்லாம் ஈரந்தான்” என்றார் கடைக்காரர்.

‘ப்ரூட்’ என்பது இனிப்புக் குறைந்தது, ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று எழுதியிருப்பதோ அதைவிட இனிப்பானது என்னும் விபரீதத்தை நண்பர் அங்கேயே விளக்கத் தொடங்க, பின்னால் நின்ற ஐம்பது பேரும் முதன்முறையாக ஒழுங்கை மறந்தார்கள். எப்படியோ நாசிக்கில் தயாரான ப்ரூட் போத்தல் ஒன்று பைக்குள் வந்து சேர்ந்தது.

அதை ஆறு, ஏழு டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டுமே! குளிர்பதனப் பெட்டியில் இடமில்லை. ஆகவே அன்று அரைத்த இட்லி மாவுப் பாத்திரம் வெளியேற்றப்பட்டு அடுப்படி மேடைக்கு வந்தது. “மாவு பொங்கிடும்னா” என்று மாமி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரின் டயரில் இருப்பதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அந்தப் போத்தலுக்குள் இருப்பதால், தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு போத்தலைத்தான் திருகவேண்டுமேயன்றித் தக்கையைத் திருகலாகாது என்று எனக்கு அப்போது அவர் உபதேசித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை மணிக்குத் தட்டின் தூசியைப் பட்டுத் துணியால் ஒற்றி எடுத்து, ஊசியை வைத்தார். ஸாக்ஸபோன் புறப்பட்டது. கம்பி முடிச்சின் வளையத்தை ஆறு அரைச்சுற்றுச் சுற்றித் தளர்த்தியும் ஆயிற்று. “பாரும், அசல் கண்டசாபு!” என்று தொடையில் தட்டினார்.

சிறு வயதில் மிருதங்கம் பயின்ற அவருடைய மைத்துனர் அதுவரை முறுக்கைத்தான் கடித்துக்கொண்டிருந்தார். “இல்லை அத்திம்பேர். கண்டசாபுன்னா தக தகிட, ரெண்டும் மூணும். இவன் வாசிக்கிறது தகிட தக, மூணும் ரெண்டும். தலைகீழ்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் கல்யாணத்தை நிறுத்திவிட்டது. போத்தலைக் கீழே வைத்துவிட்டு நண்பர் ஊசியை முதலிடத்துக்கு நகர்த்தினார். மைத்துனர் விரல் எண்ணினார். நண்பர் மறுபடி நகர்த்தினார். எடுப்பு எங்கே என்பதை மாற்றிக் கொண்டால் இரண்டும் ஒன்றே என்று ஒருவரும், எடுப்பை மாற்றினால் கல்யாணப் பெண்ணையே மாற்றலாமே என்று மற்றவருமாக ஒன்பது தடவை அந்தத் தட்டு தேய்ந்தது. பாளையம் திசையிலிருந்து மணியோசையும், தெருவெங்கும் பட்டாசும் கேட்டன. இருவரும் கையமர்த்தி, ‘சற்று இரும், தாளம் தப்பிவிடும்’ என்றார்கள். பத்துப் பொருத்தத்தில் வேதை தட்டுகிறது என்று தெரிந்தபின் திறப்பது முறையன்று என நண்பர் போத்தலை மீண்டும் உள்ளே வைத்தபோது மணி ஒன்று.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில் அடுப்படியில் மூடி விழும் சப்தம் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தோம். மேடை வழியே, தரை வழியே, வெண்மையாய், நுரை நுரையாய், இட்லி மாவு வழிந்துகொண்டிருந்தது.