இஸ்ஸா, ஆரா?

மாலை வேளையில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். 'பிழையைக் கண்டுபிடி' பகுதி வந்ததும் வகுப்பே 'இஸ்ஸா, ஆரா' என்று முணுமுணுக்கும். பரிகார பூஜை மந்திரம் தோற்றுவிடும்.

கேள்வி தயாரிக்கிறவர் லேசுப்பட்டவர் அல்ல. 'தி குவாலிட்டி' என்று எழுவாயை எழுதிவிட்டு, 'ஆஃப் தி மேங்கோஸ்' என்று ஒரு கூடை மாம்பழத்தை வழியில் கொட்டுவார். நம் பையன் பழத்தைப் பார்த்ததும் 'வேர்' போட்டுவிடுவான். விடை 'வாஸ்'. எழுவாய் குவாலிட்டிதானே, பழம் இல்லையே!

எல்லாவற்றையும் விடப் பாவம், அந்தக் கவிஞர். 'தி போயட் அண்ட் ஸ்டேட்ஸ்மேன் இஸ் டெட்.' கவிஞரும் ராஜதந்திரியும் ஒரே ஆள், ஆகவே 'இஸ்'. ஸ்டேட்ஸ்மேனுக்கு முன்னால் இன்னொரு 'தி' விழுந்தால் செத்தவர்கள் இரண்டு பேர், 'ஆர்' போட வேண்டும். ஒரு மாலையோடு துக்கத்துக்குப் போனவன், வாசலில் இரண்டாவது 'தி'யைப் பார்த்துவிட்டுப் பூக்கடைக்குத் திரும்பி ஓட வேண்டியதுதான். எத்தனை வழிகாட்டி நூல்களில் அந்த மனிதரைச் சாகடித்திருக்கிறார்கள்!

'நியூஸ்' வாலில் எஸ் இருந்தும் ஒருமை. கால்சட்டை ஒன்றே ஒன்றானாலும் 'ட்ரவுசர்ஸ் ஆர்'. 'போலீஸ்' எஸ் சேர்க்காமலே பன்மை. தனியாக வரமாட்டார்கள் போலும்.

ஒரு மாணவி மடக்கினாள்: "சார், கிரிக்கெட் கமென்ட்ரியில 'இங்கிலாந்து ஆர்'னு சொல்றாங்களே?" உண்மைதான். அணியைப் பல பேராக எண்ணிப் பன்மையில் பேசுவது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இஸ்' என்பார்கள். "மேட்ச் பார்க்கும்போது எப்படியும் இரும்மா, பரீட்சையில் 'இஸ்' போட்டுடு" என்றேன். இலக்கணம் படித்தவன் சொல்கிற பதிலா இது? ஆனால் கட் ஆஃப் என்று ஒன்று இருக்கிறதே.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. மாடு வந்தது, மாடு வந்தன, இரண்டும் சரி. நன்னூல் இதைப் பால்பகா அஃறிணை என்று சொல்லி, எண்ணிக்கையை வினைச்சொல் தலையில் கட்டிவிட்டது. பேச்சிலோ 'பத்து மாடு வந்துச்சு' என்போம், மாடுகளும் ஆட்சேபிப்பதில்லை. இப்படி வளர்ந்த பிள்ளை 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எஸ்ஸை விழுங்கினால் அடிக்கவா முடியும்?

தேர்வெழுதப் போகிறவர்களே, 'ஆஃப்' முதல் வினைச்சொல்லுக்கு முன்பு வரை விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். அப்படியும் பிழை அகப்படாவிட்டால் நீங்களாக ஒன்றை உண்டாக்காதீர்கள். கடைசியில் 'நோ எரர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கும் மார்க் உண்டு.